மணலில் எழும் ஊர்

மாமல்லபுரம் என்றதும் நம் நினைவிற்கு வருவது கல். குன்றைக் குடைந்த குகைக் கோயில்களும், ஒற்றைக் கல்லில் செதுக்கிய தேர்களும், அலையோரத்தில் நிற்கும் கடற்கரைக் கோயிலும் பல்லவ மன்னர் தம் பெயரைப் பன்னூறு ஆண்டுகளாக நிலைநிறுத்தி வருகின்றன. 1984ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக இவ்வூர்ச் சிற்பத் தொகுதி ஏற்கப்பட்டது. நாள்தோறும் பல நாட்டினரும் வந்து அவற்றைக் கண்டு வியந்து செல்கின்றனர். ஆயினும், இதே கடற்கரையில் ஆண்டுக்கு ஒருமுறை மற்றோர் ஊர் எழுகின்றது. அதற்குக் கல் வேண்டா, செங்கல் வேண்டா, உளியும் வேண்டா. நான்கு சவுக்குக் கழிகளும் இரண்டு பழஞ்சேலைகளும் இருந்தால் அவ்வூரில் ஒரு வீடு ஆயிற்று. மாசித் திங்கள் நிறைமதியை ஒட்டி அவ்வூர் தோன்றும். நிறைமதி கழிந்ததும் மறையும். ஆனால் அடுத்த ஆண்டும் அதே மணலில் அதே மக்களோடு மீண்டும் எழும். அவ்வூரைக் கட்டுவோர் இருளர் என்னும் பழங்குடி மக்கள்.

இருளர் நீலமலைச் சரிவிலும் உள்ளனர். வடதமிழகத்துச் சமவெளியிலும் உள்ளனர். மலையில் வாழ்வோர் தமிழுக்கு நெருங்கிய தனிமொழி ஒன்றைப் பேசுகின்றனர். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு, விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் முதலிய மாவட்டங்களில் பரவி வாழ்வோர் தமிழே பேசுவர். சமவெளியில் இவர்களை வில்லியர் என்று வழங்குவதும் உண்டு. வில்லைக் கையில் ஏந்தியவர் என்பது அப்பெயரின் வெளிப்படைப் பொருள். இருளர் என்ற பெயருக்கு இருண்ட காட்டில் வாழ்ந்தவர் என்று சிலரும், கருநிறம் உடையவர் என்று சிலரும் பொருள் கூறுவர். நிறத்தைக்கொண்டு ஒரு குடிக்குப் பெயரிடும் வழக்கம் அக்குடியினரே கண்டதாக இருத்தல் அரிது. ஆதலின் முதற்பொருளே பொருந்துவதாகத் தோன்றுகின்றது. 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி தமிழ்நாட்டில் இவர்கள் தொகை ஒரு இலட்சத்து எண்பத்தொன்பதாயிரத்திற்கு மேற்பட்டது.

தொகை இவ்வளவு இருந்தும், இருளர் ஊர் என்று சுட்டிக்காட்டத்தக்க பேரூர் ஒன்றும் இல்லை. ஏரிக்கரையில் ஐந்து குடிசை, தோப்பின் ஓரத்தில் பத்துக் குடிசை, ஊர்ப்புறத்துப் புறம்போக்கில் நான்கு குடிசை என்று சிதறியே வாழ்கின்றனர். வேலை எங்கே கிடைக்கின்றதோ அங்கே பெயர்கின்றனர். அண்ணன் ஒரு மாவட்டத்தில் இருந்தால் தம்பி மற்றொரு மாவட்டத்தில் இருப்பான். ஆண்டு முழுதும் ஒருவரை ஒருவர் காணாதவர்கள் அனைவரையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் கூட்டுவது மாசி மகம் ஒன்றே. இதனை உணர்ந்தால்தான் அம்மணலூரின் அருமை விளங்கும்.

மாசித் திங்களில் ஞாயிறு கும்ப இராசியில் நிற்கும். நிறைமதி நாளில் திங்கள் ஞாயிற்றுக்கு நேரெதிரே நிற்றல் வேண்டும். கும்பத்திற்கு எதிரிலுள்ளது சிம்மம். சிம்மத்தின் முதல் நாண்மீன் மகம். ஆகவே மாசித் திங்களின் முழுநிலவு மகமீனை ஒட்டி அமைகின்றது. அந்நாளில் கடலாடும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்தில், ஆண்டின் திருவிழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கும்போது மாசியில் நிகழும் கடலாட்டையும் குறிக்கின்றார். அதற்கும் முற்பட்ட சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை என்றே ஒரு பகுதி உண்டு. இந்திரவிழா முடிந்தபின் புகார் நகரத்து மக்கள் கடலாடச் செல்கின்றனர். கோவலனும் மாதவியும் உடன் செல்கின்றனர். கடற்கரையில் புன்னை நிழலில், சுற்றிலும் திரையிட்டு அமைத்த இடத்தில் அவ்விருவரும் தங்கியதை இளங்கோவடிகள் காட்டுகின்றார். செல்வர் தங்கியது ஓவியம் எழுதிய திரைக்குள். இருளர் தங்குவது பழஞ்சேலைத் திரைக்குள். துணியின் விலையில்தான் வேறுபாடு. கடற்கரையில் திரையிட்டுத் தங்கி, நிலவைக் கண்டு, நீராடித் திரும்பும் அவ்வழக்கத்தை இன்றுவரை விடாது காத்துவருவோர் ஏடறியாத இம்மக்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது.

மகத்திற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வருகை தொடங்கும். மாமல்லபுரத்திற்குப் புகைவண்டி நிலையம் இல்லை. தொலைவிலிருந்து வருவோர் செங்கற்பட்டு வரையில் புகைவண்டியில் வந்து, அங்கிருந்து பேருந்தில் ஏறுவர். சிற்றூர்க் குழுவினர் சிலர் ஒன்றுசேர்ந்து சிறு சரக்குந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு வருவர். அவ்வண்டியில் அரிசி மூட்டை இருக்கும். அலுமினியப் பானைகள் இருக்கும். விறகுக் கட்டு இருக்கும். சுருட்டிய தார்ப்பாய் இருக்கும். அதன்மேல் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இருப்பர். சில வேளை ஒரு சேவலும் கால் கட்டுண்டு கிடக்கும்.

மணலில் இறங்கியவுடன் முதற்கடமை இடம் தேர்தல். இதில் முதியோர் சொல்லே முடிவு. சென்ற ஆண்டு எங்கே இருந்தோம், கோயில் கோபுரம் எப்பக்கம் தெரிந்தது, படகுகள் எத்தனை தொலைவில் கிடந்தன என்று அவர்கள் நினைவுகூர்ந்து, இயன்றவரை அதே இடத்தை நாடுவர். உறவினர் தேடி வரும்போது தடுமாறலாகாது அன்றோ! மணலுக்குக் கதவிலக்கம் ஏது? இடம் முடிவானதும் ஆடவர் கழிகளை ஆழ ஊன்றுவர். காற்று வரும் பக்கத்தில் துணியைத் தாழ இறக்கி, அதன் விளிம்பில் மணலை அள்ளிப் போட்டு அழுத்துவர். பெண்டிர் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுவர். ஒரு நாழிகைக்குள் சோறு கொதிக்கத் தொடங்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பலநிறச் சேலைகள் கூரையாகவும் சுவராகவும் அசைந்தாட, கடற்கரையின் நிறமே மாறிவிடும். மாலைக்குள் நூறு குடில் எழும். மறுநாள் மாலைக்குள் எண்ண இயலாதபடி பெருகும்.

இத்துணைப் பேர் இவ்வளவு தொலைவு கடந்து வருவது எதற்காக? இருளரின் தெய்வம் கன்னியம்மன். ஏழு கன்னியராக அவளை வழிபடுவதும் உண்டு. அத்தாய் தன் மக்கள்மேல் சினங்கொண்டு கடலுக்குள் சென்றுவிடுகின்றாள் என்பதும், அவர்கள் கரைக்கு வந்து வேண்டிச் சினம் தணித்து அவளை வீட்டிற்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பதும் அவர்கள் நம்பிக்கை. பெருந்தெய்வக் கோயில்களில் தெய்வம் கடலாட எழுந்தருளும், மக்கள் பின்தொடர்வர். மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாளும் மாசி மகத்தன்று கடற்கரைக்கு எழுந்தருள்கின்றார். இருளர் வழக்கில் முறை மாறுகின்றது. இங்கே தெய்வம் முன்னரே கடலில் இருக்கின்றாள். மக்கள் சென்று கெஞ்சுகின்றனர். வீட்டில் மனம் வருந்திப் பிறந்தகம் சென்ற தாயைப் பிள்ளைகள் சென்று அழைத்துவருவது போன்றது இது. இதில் அச்சமும் உண்டு, உரிமையும் உண்டு.

முன்னிரவில் இம்மணலூரைச் சுற்றி வந்தால் எங்கும் பேச்சொலியே கேட்கும். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் இறந்தார், எந்த ஊரில் குடிசை எரிந்தது, எந்தப் பையன் பத்தாம் வகுப்பில் தேறினான் என்று ஓராண்டுச் செய்தி முழுதும் ஓரிரவில் கைம்மாறும். கடிதம் எழுதி அறியாத மக்களுக்கு நெடுங்காலம் இக்கரையே அஞ்சல் நிலையமாக இருந்தது. கைப்பேசி வந்தபின்னும் அவ்வழக்கம் குன்றவில்லை. கைப்பேசியில் கேட்ட செய்தியை நேரில் மீண்டும் ஒருமுறை கேட்டால்தான் அவர்களுக்கு நிறைவு.

அப்பேச்சில் தொழிற்செய்தியும் கலந்து வரும். வயல் வரப்பில் எலி வளையைக் கண்டு, ஓட்டைப் பானையில் வைக்கோல் நெருப்பிட்டுப் புகையூதி எலி பிடிப்பதில் இவர்களுக்கு நிகரில்லை. எலி வளைக்குள் சேர்த்துவைத்த நெல்லும் பிடித்தவர்க்கே உரியது. உழவர்க்குப் பகை தொலையும். இவர்க்கு உணவு கிடைக்கும். உப்பங்கழியை அடுத்து வாழும் இருளப் பெண்டிர், ஓலையால் முடைந்த பறியைப் பல்லாற் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இருகைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பர். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. விரல் நுனியே கண்.

பாம்பு பிடிக்கும் திறமோ உலகறிந்தது. புழுதியில் கிடக்கும் மெல்லிய தடத்தையும், வளை வாயிலின் வழுவழுப்பையும், உரித்துப்போட்ட சட்டையையும் கொண்டு உள்ளே இருப்பது இன்ன பாம்பு என்று சொல்லிவிடுவர். முற்காலத்தில் தோல் வணிகர் பொருட்டு இவர்கள் பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்துப் பாம்புத்தோல் வாணிகம் தடைப்பட்டபோது, பல குடும்பங்கள் ஒரே வீச்சில் பிழைப்பிழந்தன. பாம்பு பிழைத்தது, பிடித்தவன் வயிறு வாடியது. சட்டம் செய்வோர் அதனை எண்ணினரா என்பது ஐயமே. அந்நிலையில் ரோமுலஸ் விட்டேக்கர் என்னும் ஊர்வன ஆய்வாளரின் துணையோடு, 1978ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்திற்கு வடக்கே, வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கத் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கையும் உயிரோடு பிடித்துவந்து, மண்பானைகளில் சில கிழமை வைத்திருந்து, கிழமைக்கு ஒருமுறையாக நஞ்சை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். அந்நஞ்சைச் சிறுசிறு அளவாகக் குதிரைக்குச் செலுத்த, அதன் குருதியில் நஞ்சை முறிக்கும் ஆற்றல் உண்டாகின்றது. அதிலிருந்து செய்யும் மருந்தே பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் ஏற்றப்படுவது. இந்திய நாட்டில் அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியை நெடுங்காலம் கொடுத்துவந்தது இச்சங்கமே. நாட்டின் ஏதோவொரு மூலையில் வயலில் கடியுண்டு பிழைத்தெழுந்த உழவன், தன் உயிருக்கு எவன் கை துணைநின்றது என்பதை அறியான்.

2017ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் புளோரிடா மாநிலத்துச் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் அழைக்கப்பட்டனர். சென்ற இரண்டு கிழமைக்குள் 13 மலைப்பாம்புகளை அவர்கள் கண்டுபிடித்தனர். 2023ஆம் ஆண்டில் இவ்விருவர்க்கும் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. அவருள் ஒருவர் பெயரிலேயே மாசி அமைந்திருத்தல் காண்க.

இனி, இம்மணலூரின் இருண்ட பக்கத்தையும் காணவேண்டும். பாம்புத் தொழில் சிலருக்கே வாய்த்தது. இருளருள் மிகப் பலர் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டுதலிலும் கூலிகளாக உழைப்பவர். திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ ஒரு தொகையை முன்பணமாக வாங்குவர். அத்தொகை கழியும் வரையில் குடும்பத்தோடு அங்கேயே தங்கி உழைத்தல் வேண்டும். கணக்கு முதலாளியின் ஏட்டில் இருக்கும். உழைப்பவர்க்கு எழுத்துத் தெரியாது. எவ்வளவு உழைத்தாலும் கடன் கழியாது. இக்கொடுமையை ஒழிக்க 1976ஆம் ஆண்டிலேயே கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி அத்தகைய கடன் கடனே அன்று. அதனைத் திருப்பிப் பெறுவதும் குற்றம். ஆயினும் அதன் பின்னரும் பலமுறை அதிகாரிகள் சூளைகளிலும் ஆலைகளிலும் புகுந்து இருளர் குடும்பங்களை மீட்க வேண்டியிருந்தது. மாசியோ சூளைத்தொழில் மும்முரமாக நடக்கும் காலம். மழை ஓய்ந்து வெயில் ஏறும் அப்பருவத்தில்தான் கல் அறுத்துக் காயவைப்பர். ஆகவே மகத்திற்கு இரண்டு நாள் விடுப்புக் கேட்டால் கிடைப்பது அரிது. யார் கடற்கரைக்கு வரவில்லை என்று பார்த்தாலே, யார் தம் விருப்பப்படி நடக்க இயலாதவர் என்பது புலனாகிவிடும்.

ஒரு குடும்பத்தின் நிகழ்ச்சியை மனக்கண்ணால் காண்போம். ஏரிக்கரைச் சிற்றூரிலிருந்து ஒரு மூதாட்டி தன் மூத்த மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு வந்திறங்குகின்றாள். குடில் போட்டாயிற்று. அதற்கு வலப்புறத்தில் இரண்டு கழிகளை ஊன்றி, நடுவே ஒரு பாயையும் விரித்து வைக்கின்றாள். வேற்றூரார் ஒருவர் வந்து அவ்விடத்தில் மூட்டையை இறக்க முயல, “இங்கே என் இளைய மகன் வருவான், அண்ணே, அந்தப் பக்கம் இறக்கிக்கொள்ளுங்கள்” என்கின்றாள். முதல்நாள் மாலை கழிந்தது, இளையவன் வரவில்லை. இரண்டாம் நாளும் பேருந்து வரும்போதெல்லாம் பேரனைச் சாலைவரை அனுப்பினாள்.

“ஆயா, சித்தப்பா இந்த ஆண்டு வரமாட்டாரா?”

“வருவான் கண்ணு. சென்ற ஆண்டு இந்த மணலில்தானே உன் சித்தியின் கழுத்தில் தாலி கட்டினான்? அதை மறப்பானா?”

பெரியவர்கள் ஒன்றும் பேசவில்லை. இளையவன் திருமணச் செலவுக்கே சூளையில் முன்பணம் வாங்கியவன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அன்று மாலை கடல் விளிம்பில் முழுநிலவு செம்பொன் தட்டாக எழுந்தது. உவா நாளாதலின் ஓதம் பெருகி, அலைகள் வழக்கத்தினும் மேலேறி வந்தன. முன்வரிசையில் குடில் போட்டவர்கள் சிரித்துக்கொண்டே கழிகளைப் பிடுங்கிப் பின்னே தள்ளி ஊன்றினர். பம்பையும் உடுக்கையும் ஒலித்தன. சிலர்மேல் அம்மன் அருள் வந்திறங்கியது. ஆடுவோர் நேரே அலைக்குள் ஓட, உறவினர் பின்னே ஓடிப் பற்றிக்கொண்டனர். குறை கேட்போர் கேட்டனர். மறுமொழி பெற்றோர் அழுதனர். மூதாட்டியும் சென்று கேட்டாள். “நடு இரவுக்குமேல் உன் வாசலைப் பார்” என்று விடை வந்தது. அவ்விடையின் பொருள் யாது என்று மூத்தவன் கேட்டதற்கு அவள் ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் இன்னும் இரண்டு பிடி அரிசியைச் சேர்த்தாள்.

விடியுமுன் மூன்றாம் யாமத்தில் ஒருத்தி வந்தாள், இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஒரு துணிப்பை. வந்தவள் இளைய மருமகள். கணவன் வரவில்லை. “குழந்தைக்குப் பெயரிட்டு வா, அவன் இங்கேயே இருக்கட்டும், நீ திரும்பி வருவதற்கு அவனே பிணை” என்று சூளை உரிமையாளர் சொல்லிவிட்டாராம். மூதாட்டி குழந்தையை வாங்கி முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். பாய் விரித்த இடத்தில் தாயும் சேயும் படுத்தனர். இரண்டு கழிகளும் துணியின்றியே நின்றன.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும் கரை முழுவதும் அசைவு. ஒவ்வொரு குடும்பமும் ஈரமணலில் அலைக்கருகே அமர்ந்து, கையால் மணலைக் கூட்டி ஏழு படிகள் அமைக்கும். படிதோறும் பூ வைப்பர், அரிசிமாவு தூவுவர், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், பொரி ஆகியவற்றைப் படைப்பர், கற்பூரம் ஏற்றுவர். ஏழு படி ஏழு கன்னியர்க்கு. கடலிலிருந்து அம்மை ஏறிவர அப்படிகள் வேண்டும். முன்னே ஞாயிறு நீரிலிருந்து எழும். பின்னே சவுக்குத் தோப்பின்மேல் முழுநிலவு மங்கி இறங்கும். இரண்டிற்கும் நடுவே ஈரத்துணியோடு மக்கள் கைகுவித்து நிற்பர். கோபுரம் இல்லை, மதில் இல்லை, கருவறை இல்லை. சற்றைக்கெல்லாம் ஓர் அலை வந்து படிகளைக் கரைத்துச் செல்லும். அதுபற்றி எவரும் வருந்துவதில்லை. அம்மை வந்துவிட்டாள் என்று எழுந்துவிடுவர்.

அதன்பின் குடும்பச் சடங்குகள். ஒருபுறம் குழந்தைக்கு முடியிறக்குவர்; ஒருபுறம் காதுகுத்துவர்; ஒருபுறம் பெயரிடுவர். திருமணங்களும் இங்கேயே நிகழும். மணப்பந்தல் என்று தனியே ஒன்றில்லை. கடலாடி வந்த ஈரத்தோடு மஞ்சட் புடவை உடுத்த மணமகளை மணமகனருகே நிறுத்தி, முதியோர் வாழ்த்த, மஞ்சட்கயிறு கட்டப்படும். ஓராண்டு மகத்தில் பெண்பார்த்துப் பேசி முடித்து மறு ஆண்டு மகத்தில் மணம்செய்வதும் உண்டு. ஊராட்சிப் பதிவேட்டில் அத்திருமணம் ஏறாதிருக்கலாம். பல்லாயிரவர் கண்டதற்கு மேல் சான்று வேண்டா என்பது அவர்கள் கருத்து. ஆனால் சாதிச் சான்றிதழும் குடும்ப அட்டையும் கேட்கும் அலுவலகங்கள் அலைகளைச் சாட்சியாக ஏற்பதில்லை. பழங்குடியினர் என்னும் சான்றுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஆண்டுக்கணக்கில் நடந்த பெற்றோரும், அச்சான்று வராமையால் உயர்கல்வியை இழந்த பிள்ளைகளும் இக்கூட்டத்தில் பலர்.

அன்று காலை மூதாட்டியின் பேத்திக்கும் பெயரிட்டனர். பெயரிடும்போது தந்தை நிற்கவேண்டிய இடத்தில் பெரியப்பன் நின்றான். அதனைக் கண்ட பக்கத்துக் குடிலார் காரணம் வினவினர். செய்தி ஒரு குடிலிலிருந்து அடுத்த குடிலுக்குச் சென்றது. சிறிது நேரத்தில் நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டனர். அவர்களுள் கல்லூரியில் பயிலும் இளம்பெண் ஒருத்தி, வந்தவளை அருகே அமர்த்தி, சூளை எங்கே உள்ளது, எவ்வளவு முன்பணம் வாங்கினர், எத்தனை திங்கள் உழைத்தனர், வெளியே செல்ல விடுகின்றனரா, அடித்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதினாள். இரண்டு ஆண்டுக்கு முன் அவ்வாறே மீட்கப்பட்டு விடுதலைச் சான்று பெற்ற ஒருவர், அச்சான்றின் படியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நெகிழித்தாளில் சுற்றிப் பொன்போற் காத்திருந்தார் அதனை.

“இதைக் கேட்கப் போனால் அவரை ஏதும் செய்துவிடுவார்களோ?” என்று அஞ்சினாள் இளையவள்.

“நீ தனியே போனால் அஞ்சவேண்டும், அம்மா. நாங்கள் இத்தனை பேர் வருகிறோமே” என்றார் அவர்.

இச்சிறு நிகழ்ச்சியை அங்கே உலவிய பிறர் எவரும் கவனித்திருக்கமாட்டார். மாசி மக நாளில் இப்போது காட்சி காண வருவோர் தொகையும் பெரிது. அவர்கள் அருள்வந்து ஆடுவோரைப் படமெடுப்பர், மணமக்களைப் படமெடுப்பர், சேலைக் குடிலுக்குள் உறங்கும் குழந்தையையும் கேளாமலே படமெடுப்பர். தம் வீட்டு வாயிலில் அயலான் வந்து நின்று அவ்வாறு செய்யின் பொறுப்பரோ? கடற்கரையும் முன்போல் இல்லை. கோயிலைக் காக்கும்பொருட்டுப் பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்துள்ளனர். சூழவும் வேலியிட்டுப் புல்வெளி வளர்த்துள்ளனர். கற்கோயிலைக் காத்தல் கடமையே. வேறு பக்கங்களில் விடுதிகள் பெருகிவிட்டன. தந்தையர் குடில் போட்ட இடம் வேலிக்குள் போய்விட, மக்கள் சற்றுத் தள்ளி ஊன்றுகின்றனர். அங்கும் இடமில்லையேல் இன்னும் தள்ளி ஊன்றுவர்.

மகத்தன்று உச்சிப்பொழுதிற்குள் மணலூர் கலையத் தொடங்கியது. சேலைகள் கூரைத்தன்மை நீங்கி மீண்டும் சேலைகளாயின. கழிகளைப் பிடுங்கிக் கட்டினர். பானைகளைக் கடல்நீரில் கழுவிக் கவிழ்த்தனர். “வருகிறேன் அத்தை”, “வரும் மாசிக்குப் பெண்ணை அழைத்து வா, மாமா” என்று ஆங்காங்கே விடைபெறும் குரல்கள். சிறு சரக்குந்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

மூதாட்டியின் குடும்பத்தை ஏற்றிவந்த வண்டியும் புறப்பட்டது. ஆனால் அது ஏரிக்கரைச் சிற்றூருக்குச் செல்லவில்லை. பானைகளையும் மூட்டைகளையும் வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, இளைய மருமகளும் குழந்தையும் மூத்தவனும், குறிப்பேடு வைத்திருந்த மாணவியும், நெகிழித்தாளில் சான்று வைத்திருந்தவரும், வேற்றூரார் பதினைவரும் அதில் நெருங்கி அமர்ந்திருந்தனர். கோட்டாட்சியர் அலுவலகம் மாலை ஐந்து மணிவரையில் திறந்திருக்கும். மூதாட்டி ஓட்டுநருக்கு அருகே அமர்ந்து, மணலில் ஊன்றியிருந்த அவ்விரண்டு கழிகளையும் மடிமேல் கிடத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.